ஆறு மாதத் துண்டு: ஈரல் புற்றுநோய்க் கண்காணிப்பு பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மருத்துவக் கிளினிக்குகளில் நெடுங்காலம் தாதியாக வேலை செய்தேன். இளைப்பாறிய பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. கோயில் வீதியில் கேட்கிறார்கள், செத்தவீட்டில் கேட்கிறார்கள், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருந்து கேட்கிறார்கள். "ஈரல் பழுது என்று சொன்னார்கள். மருந்து தருகிறார்கள், சரி. ஆனால் ஏன் ஆறு மாதத்துக்கு ஒருக்கா ஸ்கானுக்குத் துண்டு தருகிறார்கள்?" பெரும்பாலும் இதுதான் முதல் கேள்வி. அடிக்கடி சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உங்கள் கிளினிக் கொப்பியைப் பார்க்கிறவர் உங்கள் டொக்டர். ஆகவே இதைப் படித்துவிட்டு, முடிவை அவரோடு கதைத்து எடுங்கள்.

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிறகு எதற்கு ஸ்கான்?

வருத்தம் ஒன்றும் தெரியாத நேரத்தில் ஈரலில் புற்றுநோய்க் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் அந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கான். ஈரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குத்தான் தெரியும். உள்ளே இரண்டு சென்ரிமீற்றரில் ஒரு கட்டி இருந்தாலும் நீங்கள் வயலுக்குப் போவீர்கள், சாப்பிடுவீர்கள், நன்றாக நித்திரை கொள்வீர்கள். வலது விலாவுக்குக் கீழே நோகிறது, உடம்பு மெலிகிறது, சாப்பாடு மனமில்லை என்று வரும்போது கட்டி பெருத்து உறையை இழுக்கத் தொடங்கியிருக்கும். சில வேளை இரத்தக் குழாய்க்குள்ளும் இறங்கியிருக்கும். அந்தக் கட்டத்தில் செய்யக்கூடியவை மிகக் குறைவு.

துணுக்காய்ப் பக்கத்து ஐயா ஒருவர் என் நினைவில் நிற்கிறார். முதல் திகதி அருவி வெட்டோடு போனது. அடுத்தது மகளின் கலியாணத்தோடு போனது. பிறகு "இப்ப நல்லாத்தானே இருக்கிறன்" என்று விட்டுவிட்டார். பத்தொன்பது மாதம் கழித்து வந்தபோது கட்டி ஏழு சென்ரிமீற்றர். அதே கிளினிக்கில் ஓர் அம்மா, ஒரு திகதியும் தவறவிடாதவர். அவருக்கு 1.8 சென்ரிமீற்றரில் கண்டுபிடித்து ஊசி வழியாகச் சூடேற்றி அழித்தார்கள். அந்த அம்மா அதற்குப் பிறகு பல ஆண்டுகள் தன் கொப்பியை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தார்.

இது எல்லாருக்கும் தேவையா?

இல்லை. ஈரல் சுகமாக இருப்பவர்களுக்குத் தேவையில்லை. தனியார் லாப்புகளில் 'முழு உடற் பரிசோதனை' என்று புற்றுநோய்க் குறிகாட்டிகளையும் சேர்த்து எடுக்கிறார்கள். ஈரலில் ஒரு பழுதும் இல்லாதவருக்கு அது பயத்தைத்தான் வாங்கித் தரும்.

தேவையானவர்கள் முக்கியமாக இரண்டு வகை. முதலாவது, சிரோசிஸ் வந்தவர்கள். சிரோசிஸ் என்றால் ஈரல் தழும்பேறி, முடிச்சு முடிச்சாக இறுகிப்போவது. அது குடியால் வந்தாலும் கொழுப்பு ஈரலால் வந்தாலும் வைரஸால் வந்தாலும் கண்காணிப்பு வேண்டும். காரணத்தைப் பொறுத்து ஏறும் இறங்கும் என்றாலும், சிரோசிஸ் உள்ள நூறு பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருவர் முதல் நான்கு பேர் வரை ஈரல் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். இரண்டாவது, ஹெப்பற்றைட்டிஸ் பி வைரஸ் உடம்பில் நிரந்தரமாகத் தங்கியவர்கள். இவர்களுக்குச் சிரோசிஸ் வராமலே புற்றுநோய் வரலாம். ஆசிய ஆண்கள் 40 வயதிலிருந்தும் பெண்கள் 50 வயதிலிருந்தும் ஸ்கான் செய்ய வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். குடும்பத்தில் ஈரல் புற்றுநோய் இருந்தால் வயது பார்க்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இலங்கையில் ஹெப்பற்றைட்டிஸ் பி, சி இரண்டுமே குறைவு. இங்கே ஈரல் புற்றுநோயோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு வைரஸே இருக்காது. கொழுப்பு ஈரலும் சாராயமும் கசிப்பும்தான் பின்னால் நிற்கும். "எனக்கு மஞ்சட்காமாலையே வந்ததில்லை, பிறகு எப்படி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஸ்கானில் 'பற்றி லிவர் (கொழுப்பு ஈரல்), கிரேட் 1' என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குப் புற்றுநோய் வருமா?

பயப்படாதீர்கள். ராகமவில் நகர்ப்புற மக்களிடம் செய்த ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிரோசிஸ் வருவதில்லை. வெறும் கொழுப்புக்கு ஆறு மாத ஸ்கான் தேவையில்லை. சீனி வருத்தத்தையும் பிரஷரையும் எடையையும் கட்டுப்படுத்துவதுதான் தேவை.

ஆனால் அந்தக் கொழுப்பின் அடியில் தழும்பு தொடங்கிவிட்டதா என்பதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஸ்கானில் எழுதும் கிரேட் கொழுப்பின் அளவைச் சொல்லும், தழும்பின் அளவைச் சொல்லாது. இந்த வித்தியாசம் தெரியாமல் 'கிரேட் 1தானே' என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு, 'கிரேட் 2' என்று நித்திரை இல்லாமல் இருப்பவர்களும் உண்டு.

தழும்பு இருக்கிறதா என்று எப்படி அறிவது?

விலை கூடிய மெசின் இல்லாமலே தொடங்கலாம். சாதாரண இரத்தப் பரிசோதனையில் மூன்று எண்கள் இருந்தால் போதும்: ஈரல் பழுதைக் காட்டும் நொதிகளான ஏ.எஸ்.ரி., ஏ.எல்.ரி., அவற்றோடு பிளேட்லெட். டெங்குக் காலத்தில் வன்னியில் சின்னப் பிள்ளைகூடப் 'பிளேட்லெட் இறங்கிவிட்டதா' என்று கேட்கும். அதே பிளேட்லெட்தான். ஈரல் இறுகினால் மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் இரத்தத்தில் எண்ணிக்கை குறையும். டெங்கு இல்லாத நாளில், காய்ச்சல் இல்லாதவருக்குப் பிளேட்லெட் தொடர்ந்து குறைவாகவே வந்தால் ஈரலைப் பார்க்க வேண்டும்.

இந்த எண்களைச் சேர்த்துப் பார்க்கும் கணக்குக்குப் 'பிப்-4' என்று பெயர். வயதை ஏ.எஸ்.ரி.யால் பெருக்க வேண்டும். பிளேட்லெட்டை ஏ.எல்.ரி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுக்க வேண்டும். ஓர் உதாரணம்: வயது 52, ஏ.எஸ்.ரி. 64, ஏ.எல்.ரி. 49, பிளேட்லெட் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம், அதாவது கணக்குக்கு 110. மேலே 52 தர 64, வருவது 3328. கீழே 110 தர 7, வருவது 770. வகுத்தால் 4.3. விடை 1.3க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்கும் வாய்ப்புக் குறைவு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த எல்லையை 2 என்று எடுப்பார்கள். 2.67க்கு மேலே என்றால் நிபுணர் பார்க்க வேண்டும். நடுவில் வருபவர்களுக்கு ஈரலின் இறுக்கத்தை அளக்கும் பைப்ரோஸ்கான் போன்ற சோதனை உதவும். 4.3 வந்தவர் ஒரு நாளும் பிந்தாமல் போக வேண்டியவர். காய்ச்சலோ மஞ்சட்காமாலையோ இருக்கும் நேரத்து எண்களை வைத்து இந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள், பிழையாக வரும்.

பழைய றிப்போட்டுகளை எறியாமல் வைத்திருங்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

ஏன் ஆறு மாதம்? ஆண்டுக்கு ஒரு தடவை போதாதா?

இந்தக் கட்டி தன் கனவளவை இரட்டிப்பாக்கச் சராசரியாக நான்கு முதல் ஆறு மாதம் எடுக்கும். சிலருக்கு வேகமாக, சிலருக்கு மெதுவாக. ஆண்டுக்கு ஒரு தடவை பார்த்தால் சில கட்டிகள் கைமீறிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பதால் கூடுதல் பயன் இல்லை என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் ஆறு.

திகதியை ஞாபகம் வைப்பதுதான் எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம். நான் சொல்லிக்கொடுத்த வழி இது. வயல் செய்பவர்கள் காலபோகம் வெட்டி முடிந்த மார்ச்சிலும், சிறுபோகம் வெட்டி அடுத்த விதைப்புக்கு முந்திய செப்டெம்பரிலும் துண்டு போடச் சொல்லிக் கேளுங்கள். இடையில் சரியாக ஆறு மாதம், கையில் வேலையும் குறைவு, நெல்லு விற்ற காசும் கொஞ்சம் இருக்கும். முல்லைத்தீவுக் கரையில் ஓர் அக்கா வற்றாப்பளைப் பொங்கலையும் கார்த்திகை விளக்கீட்டையும் அடையாளமாக வைத்திருந்தார். மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் யூலை 2ஐயும் ஜனவரிப் புதுவருடத்தையும் வைக்கலாம். திகதி போடுகிற நேர்ஸிடம் வாய்விட்டுச் சொன்னால் முடிந்தவரை ஒழுங்கு செய்து தருவார்கள். சொல்லாமல் துண்டை வாங்கிக்கொண்டு போய், பிறகு வராமல் விடுவதுதான் நடக்கிறது.

ஸ்கானுக்கு எப்படிப் போக வேண்டும்?

ஆறு முதல் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் போங்கள். சாப்பிட்டால் குடலில் காற்று நிறைந்து ஈரலை மறைக்கும். பித்தப்பையும் சுருங்கிவிடும். தண்ணீர் கொஞ்சம் குடிக்கலாம்.

சீனி வருத்தக்காரர் கவனம். விடிய நான்கரைக்கு மல்லாவியில் பஸ் ஏறி, வெறும் வயிற்றோடு சீனிக் குளிசையும் போட்டுக்கொண்டு வந்து, ஸ்கான் அறை வாசலில் வியர்த்து விழுந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன். காலைக் குளிசையையும் ஊசியையும் என்ன செய்வது என்று முதல் கிளினிக்கிலேயே கேளுங்கள். பொதுவாக அவற்றைக் கையில் கொண்டுவந்து, ஸ்கான் முடிந்து சாப்பிடும்போது எடுக்கச் சொல்வார்கள். ஒரு சின்னப் பெட்டியில் சாப்பாடும், பையில் நாலு ரொபியும் இருக்கட்டும். தலை சுற்றினால் உடனே ரொபியை வாயில் போடுங்கள், ஸ்கான் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று. றிப்போட்டில் 'ஈரல் முழுவதும் சரியாகத் தெரியவில்லை' என்ற பொருளில் எழுதியிருந்தால் அதைச் சுகம் என்று எடுக்காதீர்கள். வயிறு பெருத்தவர்களுக்கும் காற்று அடைத்தவர்களுக்கும் இது நடக்கும். டொக்டரிடம் அந்த வரியைக் காட்டி, திரும்ப எடுக்க வேண்டுமா, வேறு ஸ்கான் வேண்டுமா என்று கேளுங்கள்.

ஏ.எப்.பி. இரத்தச் சோதனை நோர்மல். அப்படியென்றால் ஸ்கான் வேண்டாமா?

வேண்டும். ஏ.எப்.பி. என்பது ஈரல் புற்றுநோய்க்கு இரத்தத்தில் பார்க்கும் ஒரு குறிகாட்டி. சிறிய கட்டிகள் பலவற்றில் அது ஏறுவதே இல்லை. மறுபக்கம், கர்ப்பத்திலும் ஈரல் அழற்சி கூடும்போதும் புற்றுநோய் இல்லாமலே ஏறும். 20க்கு மேலே போனாலோ ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே வந்தாலோ அடுத்த சோதனைக்குப் போவார்கள்.

ஸ்கானும் முழுக் கெட்டித்தனம் உள்ளது அல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆரம்பக் கட்டப் புற்றுநோய் நூறில் ஏறத்தாழ 45ஐத்தான் அல்ட்ராசவுண்ட் தனியாகப் பிடித்தது. ஏ.எப்.பி.யும் சேர்ந்தபோது 63. இரண்டையும் சேர்த்துச் செய்வது நல்லது. ஒரு தடவையில் தவறினால் அடுத்த ஆறு மாதத்தில் பிடிபட வாய்ப்பு இருக்கிறது. இடையில் ஒரு திகதியை விட்டால் அந்த வாய்ப்பும் போகும்.

ஸ்கானில் ஒரு புள்ளி தெரிகிறது என்கிறார்கள். புற்றுநோய்தானா?

இன்னும் தெரியாது. இரத்தக் குழாய்கள் சுருண்ட சாதுவான கட்டிகளும், தண்ணீர்ப் பைகளும், சிரோசிஸ் முடிச்சுகளும் அப்படித் தெரியும். ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைவு என்றால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் திரும்பப் பார்ப்பார்கள். 'ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டார்கள்' என்று கோபப்படாதீர்கள், அவ்வளவு சின்னதை எந்த ஸ்கானாலும் உறுதியாகச் சொல்வது கஷ்டம். ஒரு சென்ரிமீற்றர் அல்லது கூட என்றால் மருந்து ஏற்றி எடுக்கும் சி.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கான்.

ஏன் மருந்து ஏற்றுகிறார்கள்? சுகமான ஈரல் தன் இரத்தத்தில் பெரும்பகுதியைக் குடலிலிருந்து வரும் நாளத்தால் வாங்குகிறது. புற்றுநோய்க் கட்டி நாடியிலிருந்து வாங்குகிறது. ஆகவே மருந்து ஏறிய முதல் விநாடிகளில் கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும். சற்று நேரம் கழித்து ஈரல் வெளிச்சமாகும்போது கட்டி மங்கிப்போகும். சிரோசிஸ் உள்ளவரிடம் இந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் ஊசி குத்திச் சதை எடுக்காமலே நோயை உறுதிசெய்யலாம்.

எங்கள் பகுதிக்கு ஒரு தனி எச்சரிக்கை. வவுனியா மாவட்டத்திலும் சுற்றிலும் சிறுநீரக நோய் கூட. சிறுநீரகக் கிளினிக்குக்கும் போகிறவர் என்றால் அந்தக் கொப்பியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். சி.ரி.க்கு ஏற்றும் மருந்து பழுதான சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியற்றினின் அளவை இரத்தத்தில் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். இரண்டு கிளினிக்கும் ஒன்றை ஒன்று அறியாது, கொப்பியைக் கொண்டுபோகிற நீங்கள்தான் பாலம்.

கண்டுபிடித்தால் மட்டும் என்ன, இதற்கு மருத்துவம் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் சிறிதாக இருக்கும்போது. ஈரல் இன்னும் பலமாக இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்கலாம். மூன்று சென்ரிமீற்றருக்கு உட்பட்டதை ஊசி வழியாகச் சூடேற்றி அழிக்கலாம். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஒரு கட்டி, அல்லது ஒவ்வொன்றும் மூன்று சென்ரிமீற்றருக்கு மேற்படாத மூன்று கட்டிகள் வரை என்றால் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையை யோசிக்கலாம். ராகமவில் கொழும்பு வடக்குப் போதனா வைத்தியசாலையில் இந்தச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். அதற்கு மேல் போனவர்களுக்குக் கட்டிக்குப் போகும் நாடியை அடைத்து மருந்து செலுத்துவதும், குளிசைகளும் உண்டு. அவை நாட்களைக் கூட்டும்.

வன்னியிலிருந்து போகும் பாதை பெரும்பாலும் இப்படித்தான்: கிராமத்து ஆஸ்பத்திரி, பிறகு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் ஒன்று, அங்கிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை அல்லது கொழும்புப் பக்கம். தெல்லிப்பழையிலும் மஹரகமவிலும் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. அரச கிளினிக்கில் பார்ப்பது இலவசம். பயணமும் துணைக்கு வருகிறவரின் நாட்கூலியும்தான் செலவு. அந்தச் செலவுக்குக் குடும்பத்தில் இப்போதே கதைத்து வையுங்கள்.

குடியை விட்டு மூன்று ஆண்டு. வைரஸும் மருந்தில் போய்விட்டது. இனி நிறுத்தலாமா?

விட்டதற்கு முதலில் என் மனமார்ந்த சந்தோசம். ஆபத்துக் குறைந்திருக்கிறது, ஆனால் இல்லாமல் போகவில்லை. சிரோசிஸ் வந்த ஈரலில் தழும்பு மிச்சம் இருக்கிறது. ஹெப்பற்றைட்டிஸ் சி எட்டு முதல் பன்னிரண்டு வாரக் குளிசையில் சுகமாகும். பி வைரஸை ரெனோபோவிர், என்ரெகாவிர் போன்ற குளிசைகள் அடக்கி வைக்கும். எந்த வழியில் வந்தாலும் சிரோசிஸ் இருந்தால் ஸ்கான் தொடர வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு ஹெப்பற்றைட்டிஸ் பி. கோப்பை, பாய் எல்லாம் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம், அப்படிப் பிரித்து ஆளை நோகடிக்காதீர்கள். ஒரே சட்டியில் சாப்பிடுவதால் பரவாது. இரத்தத்தாலும் உடலுறவாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கும்தான் பரவும். சவர அலகும் பல்துலக்கியும் மட்டும் தனியாக இருக்கட்டும். வீட்டில் எல்லாரும் ஒருக்கா இரத்தம் சோதித்து, வைரஸ் இல்லாதவர்கள் மூன்று தடுப்பூசி போடலாம். இலங்கையில் 2003இலிருந்து பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் இந்த ஊசி போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்கள் அந்த வலைக்குள் வரவில்லை. தாய்வானில் 1984இல் பச்சைக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய பிறகு பிள்ளைகளின் ஈரல் புற்றுநோய் நன்றாகக் குறைந்தது. புற்றுநோயைத் தடுக்கும் ஊசி என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். கர்ப்பிணிக்கு வைரஸ் இருந்தால் பிள்ளை பிறந்தவுடனே ஊசி வேண்டும். அதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கீழ்க்காய்நெல்லி குடித்தால்? சாப்பாட்டில் எதைத் தவிர்க்க வேண்டும்?

செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுப்பது எங்கள் பழக்கம், என் அம்மாவும் தந்திருக்கிறார். ஆனால் சிரோசிஸையோ கட்டியையோ அது மாற்றியதை நான் கண்டதில்லை. பெயர் தெரியாத சூரணங்கள் பலவீனமான ஈரலைக் கெடுத்ததைக் கண்டிருக்கிறேன். குடிப்பதென்றால் மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள், ஸ்கானுக்குப் பதிலாகக் குடிக்காதீர்கள்.

கச்சானைக் கவனமாகப் பாருங்கள். எங்கள் மண்ணில் நன்றாக விளைகிறது, நல்ல உணவு. ஆனால் ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாரொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது ஈரல் புற்றுநோய்க்கு ஒரு காரணம், கட்டி ஸ்கானில் தெரியும் காலத்துக்குப் பல ஆண்டு முன்பே வேலையைத் தொடங்கிவிடும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, கறுத்தது, கசப்பது எல்லாம் எறியுங்கள். ஆடு மாட்டுக்கும் போடாதீர்கள். சோளமும் கொப்பறாவும் அப்படியே. கோப்பி ஈரலுக்கு நல்லது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. வெறும் மல்லித்தண்ணி அந்தக் கணக்கில் வராது. நோவுக்குக் கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போடாதீர்கள், சிரோசிஸ் உள்ளவருக்கு இரத்தப் பெருக்கும் சிறுநீரகப் பழுதும் வரலாம். பனடோல் எத்தனை போடலாம் என்பதை உங்கள் டொக்டரிடமே கேளுங்கள்.

அப்பாவுக்கு வயது போய்விட்டது, வயிற்றில் தண்ணி, எழும்பவே முடியாது. அவரையும் இழுத்துக்கொண்டு போக வேண்டுமா?

ஈரல் முற்றாகத் தளர்ந்து, மாற்றுச் சத்திரசிகிச்சைக்கும் வழியில்லாதவருக்குக் கட்டியைத் தேடுவதால் பயன் இல்லை. கண்டாலும் செய்ய ஒன்றும் இருக்காது. டொக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "இந்த ஸ்கானால் அப்பாவுக்கு என்ன மாறும்?" மாறாது என்றால், அவருக்கு மூச்சு லேசாக, நோவு இல்லாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அதுவும் மருத்துவம்தான்.

எப்போது திகதிக்காகக் காத்திருக்கக் கூடாது?

இரத்தமாக வாந்தி, தார் போலக் கறுத்த மலம், ஆளைத் தெரியாமல் புலம்பல் அல்லது பகலெல்லாம் நித்திரை, தண்ணி நிறைந்த வயிற்றோடு காய்ச்சலும் நோவும், திடீரென்று கடும் வயிற்றுவலி. இவற்றில் ஒன்று வந்தால் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், கிட்டிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள்.

திகதி தவறிவிட்டது, துண்டும் தொலைந்துவிட்டது. இப்போது போனால் ஏசுவார்களே?

ஏசினாலும் போங்கள். எங்கள் கிளினிக்கில் ஒருவர் வெட்கத்தில் பதினொரு மாதம் வராமல் இருந்தார். துண்டு நனைந்து எழுத்து அழிந்துபோனதுதான் காரணம். துண்டு இல்லாவிட்டாலும் கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, கடைசியாக எடுத்த றிப்போட்டுகள் இருந்தால் போதும், புதுத் திகதி போடலாம். கொப்பியும் இல்லையென்றால் பெயரையும் எந்த ஆண்டு முதலில் வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள், பதிவில் தேடலாம். திங்களோ செவ்வாயோ என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உங்கள் கிளினிக் நடக்கிற அடுத்த நாளே போய், வாசலில் நிற்கிற நேர்ஸிடம், "பிள்ளை, ஸ்கான் திகதி தவறிப்போச்சு" என்று சொல்லுங்கள். புதுத் துண்டை வாங்கிப் பொலித்தீன் உறையில் போட்டு, கொப்பியின் முதல் பக்கத்தோடு ஊசி குத்தி வையுங்கள்.